இணை சேர்ப்பதற்கு முன் எக்ஸ்ரே: நாயின் இடுப்பும் முழங்கையும்

"நல்லா ஓடுறான் டாக்டர், ஒரு குறையும் இல்ல." இணை சேர்ப்பதற்காக நாயைக் கூட்டி வருகிறவர்களில் பலர் என்னிடம் முதலில் சொல்வது இதைத்தான். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. இடுப்பு மூட்டு சரியாக அமையாத லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ இரண்டு வயதில் துள்ளிக்கொண்டுதான் ஓடும், தசை அதைத் தாங்கிக்கொள்ளும். மூட்டு தேய்ந்து வலி வெளியே தெரியச் சில வருடங்கள் ஆகலாம். அதற்குள் அந்த நாய்க்கு, இந்தக் கோளாறு இறங்கக்கூடிய இரண்டு மூன்று ஈற்றுக் குட்டிகள் பிறந்து வீடுகளுக்குப் போயிருக்கும். அதனால் நடையை வைத்து முடிவெடுக்க வேண்டாம், படம் எடுத்துப் பாருங்கள்.

முழங்கையில் இது இன்னும் மோசம். ஒரு கால் வலித்தால் நாய் நொண்டும், நமக்குத் தெரிந்துவிடும். முழங்கைக் கோளாறு பெரும்பாலும் இரண்டு முன்னங்கால்களிலும் வரும். இரண்டும் ஒரே அளவு வலித்தால் எந்தக் காலை நொண்டும்? நடை கொஞ்சம் குட்டையாகும், அவ்வளவுதான். இடுப்புக்கு மட்டும் படம் எடுத்துவிட்டு "முழங்கை அப்புறம் பார்க்கலாம்" என்பவர்களிடம் நான் விடாமல் வாதாடுவேன். நாய் மயக்கத்தில் இருக்கும் அதே நேரத்தில் இதையும் எடுத்துவிடலாமே.

எந்த வயதில் எடுப்பது? மூட்டுப் படங்களைப் பார்த்துத் தரம் சொல்லும் அமெரிக்காவின் ஓஎஃப்ஏ அமைப்பு 24 மாதம் முடிந்த பிறகே இறுதிச் சான்று தரும், 4 மாதத்திலிருந்து முன்னோட்டப் படத்தைப் பார்த்துச் சொல்லும். பிரிட்டனில் ஒரு வயது முடிந்திருக்க வேண்டும். சர்வதேச நாய்க் கழகக் கூட்டமைப்பான எஃப்சிஐயின் முறையில் 12 மாதம், மிகப் பெரிய இனங்களுக்கு 18. இடுப்பு மூட்டின் தளர்வை அளக்கும் பென்ஹிப் முறையில் 16 வாரத்திலேயே எடுக்கலாம், ஆனால் அதற்கென்று பயிற்சி பெற்ற மருத்துவர்தான் எடுக்க வேண்டும். வளர்ப்புக்கு நிறுத்திவைக்க நினைக்கும் குட்டிக்கு முதலில் பென்ஹிப், இரண்டு வயதில் முழுப் படம் என்பதுதான் என் விருப்பம். பெட்டை நாய் பருவத்துக்கு வரும் சமயத்தைத் தவிர்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் மூன்று நான்கு வாரம் இடைவெளி வேண்டும், குட்டிகள் பால் மறந்த பிறகும் அதே அளவு இடைவெளி. ஹார்மோன் மாற்றத்தில் மூட்டு தளர்ந்து, இருப்பதைவிட மோசமாகத் தெரியலாம்.

"மயக்க மருந்து எதுக்கு, நான் பிடிச்சுக்கிறேன்" என்று அன்போடு சொல்வார்கள். விழித்திருக்கும் நாய் தசையை இறுக்கும். அப்போது தளர்ந்த மூட்டும் இறுகியதுபோல் படத்தில் விழும். அதனால் நான் மயக்கம் கொடுக்காமல் இடுப்புப் படம் எடுப்பதில்லை. எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மைக்ரோசிப் எண்ணைப் படம் எடுக்கும்போதே அதில் பதியச் சொல்லுங்கள். எண் இல்லாத படம் எந்த நாயின் படமாகவும் இருக்கலாம்.

படம் கைக்கு வந்ததும் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. நாயை மல்லாத்தி, பின்னங்கால்களை நேராக நீட்டி, உள்பக்கமாகத் திருப்பி எடுத்த படம் அது. இரண்டு தொடை எலும்புகளும் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். முட்டிச்சில்லு எலும்பின் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்து இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் இருக்கும் இரண்டு முட்டை வடிவ ஓட்டைகளைப் பாருங்கள், இரண்டும் ஒரே அளவில் தெரிய வேண்டும். ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருந்தால் நாய் ஒருபக்கம் சாய்ந்து கிடந்திருக்கிறது. சாய்ந்த படத்தில், தொடை எலும்பின் தலை உட்காரும் கிண்ணம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் ஆழம் குறைந்தும் காட்டும். அந்தப் படத்தை ஏற்காதீர்கள். நாய் எழுவதற்குள் இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

முழங்கைக்குக் காலை நன்றாக மடக்கி, பக்கவாட்டில் எடுத்த படம் கட்டாயம் இருக்க வேண்டும். மூட்டின் பின்புறம் கொக்கிபோல் நிற்கும் எலும்பு முனையின் மேல்விளிம்பு அப்போதுதான் மறைக்காமல் தெரியும். புது எலும்பு முளைப்பது முதலில் அங்கேதான் தெரியும். சர்வதேச முழங்கைக் குழுவின் அளவுகோலில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்ச்சிக்கே முதல் தரக் கோளாறு என்று எழுதுவார்கள், 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் மூன்றாம் தரம்.

படத்தைப் படிக்க வெளியே அனுப்புங்கள். எடுத்த மருத்துவரின் வாய்வார்த்தை போதாது, அது நானாக இருந்தாலும் சரி. ஓஎஃப்ஏவில் மூன்று கதிரியக்க நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து இடுப்புக்குத் தரம் சொல்வார்கள். பிரிட்டனில் ஒவ்வொரு இடுப்புக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண், இரண்டும் சேர்த்து 106, குறைவாக இருந்தால் நல்லது. எஃப்சிஐயில் ஏ முதல் இ வரை, ஏ தான் நல்லது. பென்ஹிப்பில் தளர்வை 0 முதல் 1 வரை அளப்பார்கள், 0.30க்குள் இருந்தால் பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு குறைவு. ஒரு முறையின் முடிவை இன்னொன்றுக்கு மாற்றிக் கணக்குப் போட முடியாது. கால் நீட்டிய படத்தில் நல்ல தரம் வாங்கிய நாயிலும் தளர்வு அதிகமாக இருக்கலாம்.

இனி, முடிவு. இதில் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன, நல்ல இடுப்புள்ள தாய்க்கும் தந்தைக்கும் மோசமான இடுப்புள்ள குட்டி பிறக்கும். அதனால் நான் பெற்றோரின் சான்றிதழைவிடக் கூடப்பிறந்தவற்றின் படங்களைத்தான் அதிகம் நம்புவேன். ஒரே ஈற்றில் எட்டில் ஏழு நன்றாக இருக்கும் குடும்பத்து நாய் சுமாரான தரம் வாங்கியிருந்தாலும் எனக்குச் சம்மதம். தான் மட்டும் மிக நல்ல தரம், உடன்பிறந்தவற்றில் பாதி கோளாறு என்றால் அந்த நாய் வேண்டாம். ஆண் நாயின் உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள்: அதே ஈற்றில் எத்தனைக்குப் படம் எடுத்தீர்கள், அனுப்பாமல் விட்டது உண்டா? மோசமான படத்தை அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. பென்ஹிப்பில் எடுத்த எல்லாப் படத்தையும் அனுப்பியே தீர வேண்டும், எனக்கு அந்த முறை பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். நல்லதா கோளாறா என்று உறுதியாகச் சொல்ல முடியாத எல்லைக்கோட்டுத் தரம் வந்தால் ஆறு மாதம் கழித்து மறுபடி எடுங்கள். இடுப்பில் கோளாறு என்று முடிவு வந்தாலோ, முழங்கையில் இரண்டாம், மூன்றாம் தரம் வந்தாலோ இணை சேர்க்காதீர்கள். எவ்வளவு அழகான நாயாக இருந்தாலும், எத்தனை பேர் குட்டி கேட்டுக் காத்திருந்தாலும் என் பதில் மாறாது.

குட்டிகள் பிறந்த பிறகு சோறு விஷயத்தில் கவனம் வேண்டும். ஓர் ஆய்வில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கால் பங்கு குறைத்துக் கொடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றில் இடுப்புக் கோளாறு கணிசமாகக் குறைந்தது. குட்டி கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்ற ஆசையை விடுங்கள், விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். முதல் மூன்று மாதம் படிக்கட்டில் ஏற விடாதீர்கள்.

குட்டியைக் கொடுக்கும்போது, இரண்டு வயதில் படம் எடுத்து முடிவை உங்களுக்கு அனுப்பும்படி காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்கும் செலவில் ஒரு பங்கை நீங்களே ஏற்பதாகச் சொன்னால் எடுப்பவர்கள் கூடுவார்கள். அந்தத் தாயை மறுபடி இணை சேர்ப்பதற்கு முன் வந்த முடிவுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.