‘சிக்னல் போச்சு’ என்று சொல்வதற்கு முன்

தை, மாசியில் சம்பா அறுப்பு முடியும். அப்புறம் உளுந்தும் எடுத்துவிட்டால், ஜூன் 12 வாக்கில் மேட்டூரில் தண்ணீர் திறக்கும்வரை டெல்டா வயல்கள் எங்களைப் போன்ற ரிமோட் விமானப் பைத்தியங்களுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் ஐந்தாறு பேர் சன்போர்டு இறக்கைகளை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து சேருவோம். பத்து மணிக்குள் ஒரு விமானமாவது மண்ணில் குத்தியிருக்கும். குத்தியவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: “சிக்னல் போச்சு.”

உடனே எல்லார் பார்வையும் பக்கத்தில் ட்ரான்ஸ்மிட்டரோடு (எங்கள் பேச்சில் ‘செட்’) நிற்பவர் மேல் திரும்பும், அவர் செட்தான் இடையூறு செய்தது என்று. நானும் இப்படி ஒரு நண்பரோடு இரண்டு வாரம் பேசாமல் இருந்தவன்தான். என் விமானம் இரண்டு முறை, திருப்பத்தில், செத்ததுபோல் விழுந்தது. இரண்டு முறையும் அவர் அப்போதுதான் தன் செட்டை ஆன் செய்திருந்தார். வேறென்ன சாட்சி வேண்டும்? வீட்டில் ஒரு நாள் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தை மேஜைமேல் வைத்து, இரண்டு ஸ்டிக்கையும் ஐந்து நிமிடம் விடாமல் ஆட்டினேன். விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவரின் விளக்கு ஒரு கணம் அணைந்து திரும்ப எரிந்தது. நண்பரின் செட் அப்போது நான்கு கிலோமீட்டர் தள்ளி அவர் வீட்டு அலமாரியில் கிடந்தது.

கோளாறு, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி.க்குள், ரிசீவருக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் கொடுக்கும் பி.இ.சி.யில். மலிவு இ.எஸ்.சி.களில் வருவது பெரும்பாலும் லீனியர் வகை. பேட்டரியின் 11.1 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும்போது மிச்சத்தை அப்படியே சூடாகக் கழிக்கும். இறக்கை, வால் மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்களான சர்வோக்கள் நான்கு சேர்ந்து 2 ஆம்பியர் இழுத்தால், தீப்பெட்டி அளவுப் பொருளில் 12 வாட் சூடு. அதைக் காற்றே போகாதபடி டேப் சுற்றி உள்ளே அமுக்கியிருந்தேன், அதுவும் சித்திரை வெயிலில். வோல்ட் சரிந்தால் ரிசீவர் அணைந்து, முதலிலிருந்து எழுந்து வரும். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் விமானம் அந்த ஒரு நொடிக்குள் 14 மீட்டர் கடந்துவிடும். தாழப் பறந்தால் அவ்வளவு போதும். தனியாக, அவ்வளவு சூடாகாத ஸ்விட்சிங் வகை பி.இ.சி. ஒன்று போட்டேன், காற்றுக்கு ஓட்டை விட்டேன். அத்தோடு என் ‘இடையூறு’ நின்றது. ரேடியோவைக் குற்றம் சொல்வதற்கு முன் மின்சாரத்தைப் பார்க்காதது முதல் தவறு; நான் கண்டதில் பெரிய தவறும் அதுதான்.

அடுத்தது ஆன்டெனா. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரின் ஒயரில் நுனியில் உறை நீக்கிய 31 மில்லிமீட்டர்தான் உண்மையான ஆன்டெனா, மற்றதெல்லாம் கேபிள். அந்த நுனியை மடக்கி பேட்டரிக்கு அடியில் திணிப்பவர்களும் உண்டு, கார்பன் கம்பியோடு சேர்த்து டேப் ஒட்டுபவர்களும் உண்டு. கார்பன் அலையை மறைக்கும். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்றுக்கொன்று ‘ட’ போல செங்குத்தாக வையுங்கள். கையில் இருக்கும் செட்டின் ஆன்டெனாவை விமானத்தை நோக்கி வேல் மாதிரி நீட்டுவது இன்னொரு பழக்கம். ஆன்டெனாவின் நுனி திசையில்தான் சிக்னல் மிகக் குறைவு. பக்கவாட்டைக் காட்ட வேண்டும். அப்புறம், இந்த அலையைத் தண்ணீர் நன்றாகவே விழுங்கும். நம் உடம்பும் தண்ணீர்தான், மழையில் நனைந்த மூங்கில் கொல்லையும் தென்னந்தோப்பும் தண்ணீர்தான். தோப்புக்குப் பின்னால் தாழப் போய்விட்டு சிக்னலைத் திட்டிப் பயனில்லை.

சேர்ந்து பறக்கும்போது வரும் உண்மையான இடையூறும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பழைய 35 மெகாஹெர்ட்ஸ் செட்களில், சேனலைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலின் எண் இருவருக்கும் ஒன்றாக இருந்தால் கதை முடிந்தது. இரண்டாவது ஆள் ஆன் செய்த நொடியில் முதல் ஆளின் விமானம் யாருடைய பேச்சையும் கேட்காது. அதனால்தான் சேனல் எண் எழுதிய துணி கிளிப் ஒன்றைப் பலகையில் மாட்டி வைப்பார்கள். கிளிப் கையில் இருப்பவர் மட்டுமே ஆன் செய்யலாம். யாராவது பரணிலிருந்து இறக்கிய பழைய செட்டோடு வந்தால் இன்றைக்கும் அந்த முறைதான்.

இப்போது எல்லாரும் 2.4-க்கு வந்துவிட்டோம். இந்தியாவில் 2005-ல் இந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று ஆனது. செட்கள் அலைவரிசைக்குள் தாவித் தாவிப் பேசுவதால் ஐந்தாறு பேர் ஒன்றாகப் பறப்பது சாதாரணம். ஆனால் வைஃபை, ப்ளூடூத், ஹாட்ஸ்பாட் எல்லாமே அங்கேதான் குடியிருக்கின்றன. ஹாட்ஸ்பாட் ஓடும் போனை ட்ரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்தில் சட்டைப் பையில் வைக்காதீர்கள்.

ஆளுக்கொரு வரப்பில் சிதறி நிற்பதும் தவறு. உங்கள் விமானம் உங்களிடமிருந்து 300 மீட்டரில், எதிர் வரப்பில் நிற்பவரின் தலைக்கு மேல் 10 மீட்டரில் பறக்கிறது என்று வையுங்கள். தூரம் 30 மடங்கு; வலு தூரத்தின் வர்க்கத்தில் குறையும், அப்படியென்றால் அவர் செட்டின் வலு உங்களுடையதைப்போல் 900 மடங்காக உங்கள் ரிசீவரில் விழும். நீங்கள் காதில் கிசுகிசுக்கும்போது கோயில் மைக் அலறுவது மாதிரி. எல்லாரும் ஒரே வரிசையில், ஒரே பக்கம் நின்றால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். எஃப்.பி.வி., அதாவது விமானத்தின் கேமரா அனுப்பும் படத்தைக் கண்ணாடியில் பார்த்துப் பறப்பவர்களுக்கு இது இன்னும் கூர்மை. படம் வரும் 5.8 கிகாஹெர்ட்ஸில் ஒருவர் பறந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் கேட்காமல் கொள்ளாமல் பேட்டரியைச் செருகினால், பறப்பவரின் கண்ணாடியில் புள்ளிப் புள்ளியாக மழைதான். “எந்தச் சேனல்?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கும் ரேஞ்ச் செக்கை வீட்டு மாடியில் தனியாகச் செய்வதில் அர்த்தமில்லை. களத்தில், நண்பர்களின் செட்கள் ஆனில் இருக்க, செட்டை (வலுவைக் குறைத்து அனுப்பும்) ரேஞ்ச் செக் மோடில் போட்டு முப்பது அடி எடுத்துவைத்து நடந்து பாருங்கள். மோட்டார் நிற்கும்போது ஒரு முறை, முழு வேகத்தில் ஒரு முறை, விமானத்தை ஒருவர் இறுகப் பிடித்திருக்க. மோட்டார் ஓடும்போது மட்டும் சர்வோ துடித்தால், எதிரி உங்கள் விமானத்துக்குள்ளேயே இருக்கிறான்.

ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஏற்பாடு, வைக்காமல் பறப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. சில ரிசீவர்கள் சிக்னல் அறுந்தால் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும். முழு த்ராட்டிலில் (மோட்டார் முழு வேகத்தில்) அறுந்தால், முழு த்ராட்டிலிலேயே வயலில் நிற்கும் ஆட்களை நோக்கிப் போகும். வேறு சில, பைண்ட் செய்தபோது (செட்டையும் ரிசீவரையும் ஜோடி சேர்த்தபோது) ஸ்டிக் எங்கே இருந்ததோ அதை நினைவில் வைக்கும். ப்ரொப்பெல்லரைக் கழற்றி, மோட்டாரை ஓடவிட்டு, செட்டை ஆஃப் செய்து பாருங்கள். மோட்டார் நிற்க வேண்டும். பைண்டையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். களத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பைண்ட் செய்து ஒருவர் ரிசீவர் மற்றவர் செட்டோடு சேர்ந்துகொண்ட கூத்தும் நடந்திருக்கிறது.

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு என்றால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். மின்கம்பியில் மாட்டிக்கொண்ட விமானத்தைத் தொரட்டியால் எடுக்கப் போகவே கூடாது, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

விழுந்துவிட்டதா? செட்டை ஆஃப் செய்யாமல் கையில் வைத்துக்கொண்டே வரப்பில் நடந்து போங்கள், இன்னும் எடுக்காத உளுந்து இருந்தால் அதை மிதிக்காமல். த்ராட்டில் கீழேயே இருக்கட்டும். போனதும் பேட்டரியைப் பிடுங்கிவிடத்தான் கை போகும். அதற்கு முன் ரிசீவர் விளக்கைப் பாருங்கள். நடுவில் மின்சாரம் விட்டுப்போனால் அதைச் சிமிட்டிக் காட்டும் ரிசீவர்கள் உண்டு. பிடுங்கிவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும்.