கற்பனை உலக வரைபடத்தில் பாலைவனத்தை எங்கே வைப்பது?

கதைக்காக ஓர் உலகம் வரைகிறீர்களா? காடு, நகரம் எதையும் வைக்கும் முன் நிலநடுக்கோட்டையும், அதன் இருபுறமும் 30, 60 டிகிரிக் கோடுகளையும் பென்சிலால் போட்டுவிடுங்கள். நடுக்கோட்டருகே மேலேறி மழையைக் கொட்டிய காற்று, 30 டிகிரியை ஒட்டி உலர்ந்து கீழே இறங்கும். சகாரா அந்தப் பக்கம் இருப்பது அதனால்தான்.

அப்புறம் காற்றின் திசை. பூமியைப் போலச் சுழலும் உலகம் என்றால், 30 டிகிரி வரை பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும். 30 முதல் 60 வரை மேற்கிலிருந்து. காற்று மோதும் மலைச்சரிவில் மழை, மறுபக்கம் வறட்சி. இதைப் பலரும் செய்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே மலைத்தொடரில் வறண்ட பக்கம் இடம் மாறும் என்பதைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஆண்டிஸைப் பாருங்கள்: வடக்கே அதன் மேற்கில் அட்டகாமா பாலைவனம். தெற்கே போனால் சிலியின் மேற்குக் கரை நனைந்து கிடக்கிறது, கிழக்கே அர்ஜென்டினாவின் பட்டகோனியா காய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. அட்டகாமாவின் வறட்சிக்குக் கரையோரம் ஓடும் குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டமும் ஒரு காரணம்.

கடைசியாக உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறைத்துக்கொள்ளுங்கள்.