பிக்கப் வண்டிக்கு எவ்வளவு காற்று வைக்கணும்?

பஞ்சர் கடைப் பையன் காற்று அளக்கிற கேஜைக் கையில் வைத்துக்கொண்டு "எவ்ளோ வெக்கட்டும்ணா?" என்றால், பாதிப் பேர் "நீயே பாத்து வைப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். வண்டியில் இன்றைக்கு என்ன ஏறப்போகிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், இல்லையென்றால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். முன் டயருக்கு ஓர் அளவு, பின் டயருக்கு ஓர் அளவு. பல வண்டிகளில் காலி வண்டிக்கும் ஃபுல் லோடுக்கும் தனித்தனியாகவே போட்டிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் அச்சடித்த எண்ணைப் பார்த்து அடிக்காதீர்கள், அது அந்த டயருக்கான உச்ச அளவு.

லோடு என்றால் எடை, உயரம் இல்லை. குடியாத்தத்தில் தீப்பெட்டி பண்டலைத் தார்ப்பாய் கட்டுகிற அளவுக்கு அடுக்கினாலும் டயருக்கு அது பெரிய விஷயமில்லை. செங்கல் ஒன்று சுமார் 3 கிலோ, 500 கல் ஏற்றினால் ஒன்றரை டன், ஆனால் பார்க்கத் தொட்டியில் பாதிகூட நிறையாத மாதிரி இருக்கும். அந்த எடையில் பெரும்பகுதி பின் அச்சில்தான் உட்காரும், அதனால் ஏற்றுவதற்கு முன்னாடியே பின் டயரில் ஃபுல் லோடு அளவு இருக்கணும். குறைவாக இருந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கிச் சூடேறும், பெங்களூர் ஹைவேயில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதே அளவோடு நாள்கணக்கில் காலியாக ஓட்டினால் பின்பக்கம் குதிக்கும், மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும். சந்தேகமாக இருந்தால் ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிவிட்டு, காற்றைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்று நினைப்பதெல்லாம் நடக்காது.

அப்புறம் நம்ம ஊர் வெயில். காற்றை டயர் ஆறியிருக்கும்போது பார்க்கணும், அதாவது வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்கணும், இல்லை ஓடியது ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கணும். இலவம்பாடியிலிருந்து முள்ளு கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டு வேலூர் நேதாஜி மார்க்கெட் வந்து இறக்கிய கையோடு கேஜை வைத்தால் 4, 5 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாகத்தான் காட்டும். ஐயோ அதிகமாகிவிட்டதே என்று பிடுங்கி விடாதீர்கள், ராத்திரி ஆறியதும் அவ்வளவும் குறைந்து நிற்கும். மார்கழிக் காலைக்கும் அக்னி நட்சத்திர மதியத்துக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். சுமார் 5 டிகிரி கூடினால் 1 பிஎஸ்ஐ கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் போட்ட அளவே ஆறிய டயருக்குத்தான், கோடை என்பதற்காகத் தனியாகக் குறைக்க வேண்டாம்.

டயர் தேய்வதைப் பார்த்தும் தெரியும்: நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு. ஒரே ஓரம் மட்டும் என்றால் வீல் அலைன்மென்ட் (சக்கரம் நேராக நிற்கிறதா என்று) பார்க்கணும்.

நைட்ரஜன் போட்டால் தப்பில்லை, ஆனால் சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அந்தக் காசுக்குச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளலாம், கடைக்குக் கடை கேஜ் ஒவ்வொன்று காட்டும். வால்வு மூடி இல்லாமல் ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியில் எப்போதும் பின் டயரின் ஃபுல் லோடு அளவே இருக்கட்டும், ராத்திரி ரோட்டோரத்தில் காற்றைக் குறைத்துவிடலாம், ஏற்ற முடியாது.