காமர்ஸ் கடைசி வருட புராஜெக்ட்: பில் ஃபைலிலிருந்து தொடங்குவது எப்படி?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஆடிட்டர் ஆபீஸுக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வர ஆரம்பித்துவிடுவார்கள். அவிநாசி, பல்லடம், காங்கேயம் என்று திருப்பூரைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வரும் பி.காம்., எம்.காம். கடைசி வருடத்துக்காரர்கள். கையில் கல்லூரிக் கடிதம் இருக்கும். கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், ஏதாவது ஒரு கம்பெனியோட அஞ்சு வருஷ பேலன்ஸ் ஷீட் கிடைக்குங்களா?"

நான் படித்தபோதும் இதையேதான் கேட்டேன். ஒரு நூற்பாலையின் ஐந்து வருட பேலன்ஸ் ஷீட்டை வைத்து பதினெட்டு விகிதங்கள் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து, நூற்றிருபது பக்கம் பைண்டிங் செய்து கொடுத்தேன். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஒரு கேள்வி கேட்டார். "மூன்றாவது வருடம் கரண்ட் ரேஷியோ ஏன் குறைந்தது?" நடப்புச் சொத்தை நடப்புப் பொறுப்பால் வகுப்பதுதான் அந்த விகிதம்; நடப்புப் பொறுப்புகள் கூடியதால் என்றேன். "அது ஏன் கூடியது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த ஒரு லெட்ஜரைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை.

அதனால்தான் வருகிற ஒவ்வொருவரிடமும் பேலன்ஸ் ஷீட்டைக் கடைசியில் பாருங்கள், பில்லை முதலில் பாருங்கள் என்று சொல்கிறேன். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: தலைப்பு வேண்டாம், கேள்வி வேண்டும்

'நிதிச் செயல்பாடு குறித்த ஓர் ஆய்வு' என்பது தலைப்பு. அதில் கேள்வியே கிடையாது, அதனால் பதிலும் வராது. கேள்வியென்றால் முடிவில் ஒரு கேள்விக்குறி இருக்க வேண்டும், விடை ஓர் எண்ணாகவோ ஆம் இல்லை என்றோ வர வேண்டும்.

நம் பக்கத்தில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணையில் தீவன விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் ஒரு முட்டையின் அடக்க விலை எவ்வளவு ஏறும்? சங்ககிரி லாரி ஒன்றுக்கு டீசல், டயர், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து ஒரு கிலோமீட்டருக்கு என்ன ஆகிறது, காலி வண்டியாகத் திரும்பினால் என்ன ஆகிறது? ஈரோட்டில் மஞ்சளைக் கிடங்கில் வைத்து ஆறு மாதம் கழித்து விற்றவருக்கு வாடகையும் வட்டியும் போக மிஞ்சியது என்ன? ஒவ்வொன்றும் ஒரு புராஜெக்ட்.

திருப்பூருக்கு நான் சிபாரிசு செய்யும் கேள்வி இது: ஒரு பனியன் கம்பெனி தன் ஜாப்வொர்க்காரர்களுக்கு, அதாவது கூலிக்குத் துணி பின்னி, சாயமிட்டு, தைத்துத் தருபவர்களுக்குப் பணம் கொடுக்க எத்தனை நாள் எடுத்துக்கொள்கிறது, 43பி(எச்) வந்தபின் அந்த நாள்கள் குறைந்தனவா?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதுவும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். இந்த விதி ரொம்ப நாளாக இருந்தது, பலர் பொருட்படுத்தவில்லை. 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கொடுக்க வேண்டிய தொகையை மேற்படி கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், உண்மையில் பணம் கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும். 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து இது நடைமுறை. அதாவது மார்ச் 31 அன்று கெடு தாண்டிய பாக்கி நின்றால், அந்தத் தொகைக்கும் அந்த வருடம் வரி கட்ட வேண்டியதுதான்.

2022-23 முன்பு, 2023-24-உம் 2024-25-உம் பின்பு. மூன்று வருடத் தரவு போதும். 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தாலும், இந்த மூன்று ஆண்டுகளுக்கும் 1961 சட்டம்தான் பொருந்தும். புராஜெக்டில் இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள், வைவாவில் கேட்பார்கள்.

படி 2: கம்பெனியில் அனுமதி

முதலாளி சரி என்று சொன்னாலும் ஃபைலை எடுத்துத் தரப்போவது அக்கவுண்டன்ட்தான். அவருடைய நாட்காட்டி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாதாந்திரம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி ஒரு கெடு, 20-ஆம் தேதி இன்னொரு கெடு. சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா. தீபாவளிக்கு முன்னால் போனஸ் கணக்கு. செப்டம்பர் கடைசியில் டாக்ஸ் ஆடிட். இந்த நாள்களில் போய் நின்றால் "அப்புறம் வா கண்ணு" என்றுதான் பதில் வரும், அதில் தப்பும் இல்லை. 20-ஆம் தேதிக்கு மேல், 25-க்குள், வாரநாளில் மதியம் போங்கள்.

கேட்கும்போது என்ன வேண்டும் என்பதை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "உங்க கணக்கைப் பார்க்கணும்ங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் பயம் வரும். "பன்னிரண்டு ஜாப்வொர்க்காரரோட மூணு வருஷ லெட்ஜர் மட்டும் போதும்ங்க. பேர் எதுவும் வெளிய வராது, ஏ, பி, சின்னு போட்டுக்கறேன். விலை, லாபம் எதுவும் வேண்டாம்ங்க" என்று கேட்டால் பத்தில் ஏழு பேர் யோசிக்காமல் சரி என்பார்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன். சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றுங்கள். பென் டிரைவில் அவர்கள் கணக்கு மென்பொருளான டேலியின் மொத்த டேட்டாவையும் காப்பி எடுக்காதீர்கள், கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கம்பெனியே கிடைக்கவில்லையா? பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நம்மூர் நிறுவனங்கள் இருக்கின்றன: கேபிஆர் மில், எல்ஜி எக்விப்மென்ட்ஸ், பண்ணாரி அம்மன் சுகர்ஸ். ஆண்டறிக்கைகள் இலவசம். கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் செய்த திருத்தத்தால் 2021-22 முதல் வரவேண்டிய, கொடுக்கவேண்டிய பாக்கிகளை எத்தனை காலமாக நிற்கின்றன என்று வயது பிரித்துக் காட்ட வேண்டும். அந்தக் குறிப்புப் பக்கம் ஒன்றே ஒரு புராஜெக்டுக்குப் போதுமான தரவு. ஆனால் சிறு நிறுவனத்தின் பில் ஃபைல் கிடைத்தால் அதை விடாதீர்கள்.

படி 3: பட்டியல் போடுவது

உங்கள் புராஜெக்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

முதலில் பன்னிரண்டு பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொல்ல முடிய வேண்டும். ஜாப்வொர்க்காரர் பெயர்களை அகர வரிசையில் வைத்து ஒவ்வொரு ஐந்தாவது பெயரையும் எடுக்கலாம். இல்லையென்றால் நிட்டிங்கில் மூன்று, சாயப்பட்டறையில் மூன்று, பிரிண்டிங்கில் மூன்று, பவர் டேபிள் எனும் தையலில் மூன்று என்று பிரித்து எடுக்கலாம். எனக்கு இரண்டாவது பிடிக்கும், ஏனென்றால் சாயப்பட்டறைக்கும் பவர் டேபிளுக்கும் பணம் போகிற வேகம் ஒன்றல்ல, அந்த வித்தியாசமே ஒரு கண்டுபிடிப்பாக வரலாம்.

ஒவ்வொருவருக்கும் உத்யம் எனும் குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவுச் சான்றிதழ் இருக்கிறதா, அதில் குறுவா சிறுவா நடுத்தரமா என்று பாருங்கள். நடுத்தர நிறுவனத்துக்கு 43பி(எச்) பொருந்தாது. நூல், பட்டன், லேபிள் வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கும் பொருந்தாது. அவர்களைப் பட்டியலில் சேர்த்தால் முடிவே தப்பாகிவிடும்.

எக்செல்லில் இந்தத் தலைப்புகள் போதும்: பில் எண், பில் தேதி, சரக்கு உள்ளே வந்த தேதி, தொகை, பணம் போன தேதி, நாள்கள். சரக்கு வந்த தேதி எதற்கு? சட்டம் எண்ணுவது சரக்கையோ சேவையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து. ஜாப்வொர்க்காரர் பல டிசிகளை (சரக்கோடு வரும் டெலிவரி சலான்களை) சேர்த்து வாரக் கடைசியில் ஒரே பில்லாகப் போடுவது உண்டு. அப்போது பில் தேதியை மட்டும் வைத்தால் நாலைந்து நாள் காணாமல் போகும்.

பணம் போன தேதிக்கு லெட்ஜரை நம்பாமல் வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். பின்தேதியிட்ட செக் கொடுத்து அன்றைக்கே பணம் கொடுத்ததாக லெட்ஜரில் எழுதியிருப்பார்கள், பணம் அடுத்த மாதம்தான் போயிருக்கும்.

அப்புறம் டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே பிடித்துவைக்கும் வரி. இந்த மூன்று வருட ஜாப்வொர்க் பில்லில் 1961 சட்டத்தின் 194சி பிரிவின் கீழ் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் 1 சதவீதம், மற்றவர்களுக்கு 2 சதவீதம் பிடித்திருப்பார்கள். 50,000 ரூபாய் பில்லுக்கு 49,500 போயிருந்தால் 500 பாக்கி என்று எழுதிவிடாதீர்கள். சாயம் ஒத்துவரவில்லை, துணி சேதம் என்று போட்ட டெபிட் நோட்டும் இப்படித்தான்; பில் தொகையிலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்கள்.

எல்லாருக்கும் வருகிற பெரிய சிக்கல் ஒன்று உண்டு. டேலியில் எந்தப் பில்லுக்கு என்று பதியாமல் 'ஆன் அக்கவுண்ட்' என்று மொத்தமாக ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று கொடுத்திருப்பார்கள். எந்தப் பில்லுக்கு எந்தப் பணம் என்று தெரியாது. முதலில் வந்த பில் முதலில் தீர்ந்தது என்று வைத்துக்கொண்டு வரிசையாகக் கழித்துக்கொண்டே வாருங்கள். அப்படி வைத்துக்கொண்டேன் என்பதை ஆய்வுமுறை அத்தியாயத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் அது முறை, எழுதாவிட்டால் பிழை.

படி 4: சராசரி எடுக்கும்போது

இதை ஒரு சின்ன உதாரணத்தில் காட்டுகிறேன். இரண்டே பில்கள். ஒன்று 10,000 ரூபாய், 20 நாளில் கொடுத்தாயிற்று. இன்னொன்று 90,000 ரூபாய், 70 நாளில் கொடுத்தார்கள். நாள்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் 45. ஆகா, கெடுவுக்குள் கொடுக்கிற கம்பெனி என்று எழுதத் தோன்றும். இப்போது தொகையோடு பெருக்குங்கள். 10,000 × 20 என்பது 2,00,000. 90,000 × 70 என்பது 63,00,000. கூட்டினால் 65,00,000. மொத்தத் தொகை 1,00,000-ஆல் வகுத்தால் 65 நாள். உண்மையில் பணம் நின்ற காலம் இது. சின்ன பில்லைச் சீக்கிரம் கொடுத்துவிட்டுப் பெரிய பில்லை நிறுத்திவைப்பது எங்கும் நடப்பதுதான், அதனால் எடையிட்ட சராசரிதான் சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, ஏன் வேறுபடுகின்றன என்று ஒரு பத்தி எழுதினாலே உங்கள் பகுப்பாய்வு மற்றவர்களுடையதிலிருந்து தனித்து நிற்கும்.

விகிதம் போடுகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. வருட விற்பனை 3,65,00,000, சராசரி வரவேண்டிய பாக்கி 42,00,000 என்றால் வசூல் காலம் 42 நாள் என்று போட்டுவிடுவார்கள். ஆனால் லாபநட்டக் கணக்கில் உள்ள விற்பனையில் ஜிஎஸ்டி இல்லை, பாக்கியில் ஜிஎஸ்டி இருக்கிறது. வரி 5 சதவீதம் என்றால் 42,00,000-ஐ 1.05-ஆல் வகுக்க வேண்டும், 40,00,000 வரும். வசூல் காலம் 40 நாள். வரி விகிதம் கூடக்கூட இந்தப் பிழையும் பெரிதாகும்.

மூன்று வருடங்களையும் ஒப்பிட ஒரே அட்டவணை, கெடு தாண்டிய பில்களின் தொகை மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று இன்னொரு அட்டவணை. நாள்கள் குறையவில்லை என்று வந்தாலும் அதுவும் முடிவுதான். மாற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வித்தாள் கொடுத்து நூறு பேரிடம் கேட்கட்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் பதில் இருக்கும்போது கருத்துக் கேட்பது வீண் வேலை. நண்பர்களை விட்டு கூகுள் ஃபார்மை நிரப்பச் செய்வது பொய்த்தரவு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அக்கவுண்டன்ட்டிடம் "ஏன் பிரிண்டிங்காரருக்கு மட்டும் லேட்டாகுதுங்க?" என்று நேரில் கேட்டு அவர் சொன்னதை எழுதுங்கள். அந்த ஒரு பதில் நூறு ஃபார்முக்குச் சமம்.

படி 5: எழுதுவது, வைவா

அத்தியாயப் பிரிப்பு, எழுத்தளவு, மார்ஜின் எல்லாம் உங்கள் பல்கலைக்கழகம் கொடுத்த வழிகாட்டியில் இருக்கும். பாரதியாருக்கும் பெரியாருக்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்து சீனியர் கொடுத்த பழைய பிரதியை நகலெடுக்க வேண்டாம். முந்தைய ஆய்வுகளுக்கு சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் எட்டு பத்து ஆய்வேடுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் என்ன கேட்டார்கள், எந்தத் தரவு எடுத்தார்கள் என்று இரண்டு வரி உங்கள் சொந்த நடையில் எழுதினால் போதும்.

அறிமுக அத்தியாயத்தைக் கடைசியில் எழுதுங்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று தெரிந்தபிறகு எதை அறிமுகப்படுத்துவது என்ற குழப்பம் இருக்காது.

வைவாவுக்கு எக்செல் ஷீட்டை அச்செடுத்துக் கையில் வையுங்கள். எந்த எண்ணைக் காட்டிக் கேட்டாலும் அது எந்த பில்லிலிருந்து வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும்.

இன்னொரு வேலை பாக்கி. பைண்டிங் முடிகிறவரை காத்திருக்காமல் பிப்ரவரியிலேயே, நடப்பு வருடத்தில் கெடு தாண்டி நிற்கும் பில்களை மட்டும் ஒரே பக்கத்தில் பட்டியல் போட்டு அந்த அக்கவுண்டன்ட்டிடம் கொடுங்கள். மார்ச் 31-க்குள் பணம் போய்விட்டால் கம்பெனிக்கு அந்த வருடமே கழிவு கிடைக்கும், ஜாப்வொர்க்காரருக்கும் காசு கைக்கு வரும். கொடுக்கப் போவதும் 20-ஆம் தேதிக்கு மேலேயே இருக்கட்டும்.