114-க்கு வித்து 115 திருப்பிக் கொடுத்த கதை

டர்பனில் மளிகை மொத்த வியாபாரி ஒருவருக்கு ஆர்டர், பில், ரிட்டர்ன் என மூன்று வெப் சர்வீஸ்களை (நெட்வொர்க் வழியாக மற்ற மென்பொருள்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்களை) பராமரித்து வந்தேன். 2018 ஏப்ரல் 1 அன்று தென்னாப்பிரிக்காவில் வாட் வரி 14-லிருந்து 15 சதவீதமானது. மூன்று இடத்திலும் எண்ணை மாற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

மறுவாரம் வியாபாரியிடமிருந்து போன். "தம்பி, மார்ச்சில 114 ராண்டுக்கு வித்த மிளகாய்த்தூளுக்கு உங்க சிஸ்டம் 115 திருப்பிக் கொடுக்குதே!" ரிட்டர்ன் சர்வீஸ் அன்றைய வரியைப் போட்டிருந்தது. போட வேண்டியது பழைய பில்லின் விகிதம்.

அப்புறம்தான் விதிகளை நிரலிலிருந்து வெளியே எடுத்தேன். 'திரும்பி வரும் சரக்குக்கு மூல பில்லில் போட்ட வரியே' என்று ஒவ்வொன்றையும் பேச்சுத் தமிழில் எழுதி அவரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டை அவரே திருத்தினார். பிறகு அவற்றை எக்லிப்ஸ் ஈஎம்எஃப் (மாடல் உருவாக்கும் கருவி) மாடலில் ஏற்றி, மாடலிலிருந்து நிரலைத் தானாக எழுதித் தரும் அக்சீலியோ டெம்ப்ளேட் வழியாக டபிள்யூஎஸ்டிஎல்லையும் (சர்வீஸை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் கோப்பு) ஜாவா நிரலையும் உருவாக்கினேன். அவசரத்துக்கு அந்த நிரலில் நேரடியாகக் கை வைத்தேன். அடுத்த முறை மாடலிலிருந்து நிரலை ஜெனரேட் செய்தபோது, கையால் மாற்றியதெல்லாம் போச்சு. (யாரும் சொல்லித் திருந்துவதில்லை.)

2019 ஏப்ரல் 1 முதல் கேக் மாவுக்கும் வெள்ளை ரொட்டி மாவுக்கும் வாட் பூஜ்யம். மாடலில் இரண்டே பதிவுகளை மாற்றினேன். டீ ஆறவில்லை.