முகா, எரி: எங்கே குழம்புகிறோம்?

அசாம் பட்டு என்றால் முகா, எரி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். இரண்டையும் தருபவை சாட்டர்னிடே குடும்பத்துப் பெரிய அந்துப்பூச்சிகள்தான். ஆனால் கூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். எரிக் கூட்டின் ஒரு முனை திறந்திருக்கும்; முகாக் கூடு மூடியிருக்கும். இதைக் கவனிக்காததால்தான் பாதிக் குழப்பம்.

இரண்டையுமே ‘அகிம்சைப் பட்டு’, அதாவது பூச்சியைக் கொல்லாமல் எடுத்த பட்டு, என்று சொல்வது பெரிய தவறு. முகாக் கூட்டை வேகவைத்து, அறுபடாத நீள இழையாக இழுத்தெடுக்கிறார்கள். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு பிழைக்காது. பூச்சி வெளியேறும்வரை காத்திருந்தால் கூடு சேதமாகி, இழை தொடர்ச்சியாக வராது. எரியில் அந்தக் கவலையே இல்லை. அதில் எப்படியும் தொடர் இழை கிடைக்காது, பருத்தியைப் போல நூற்கத்தான் வேண்டும். அதனால் பூச்சி பறந்துபோன கூடும் பயன்படும்.

சரி, அப்படியானால் எரி எல்லாமே அகிம்சையா? அதுவும் இல்லை. வடகிழக்கில் எரிக் கூட்டுப்புழுவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். கூட்டிலிருந்து புழுவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நூற்பதும் வழக்கம். பூச்சியைப் பறக்கவிட்டார்களா என்பதை விற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

வளர்ப்பிலும் ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் இறங்கக் கூடாது. எரி முழுக்க வீட்டில் பழகிய இனம். தட்டில் ஆமணக்கு இலை போட்டால் போதும், மரவள்ளி இலையும் தின்னும். முகாவோ சோம், சோவாலு மரங்களில் திறந்தவெளியில் வளர்வது. பறவை, குளவி, மழை எல்லாவற்றிலிருந்தும் காவல் காக்க வேண்டும். அப்புறம், வெளிவந்த பூச்சிக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்காதீர்கள். இரண்டு இனத்துக்குமே அப்போது தின்ன வாய் கிடையாது. புழுப் பருவத்தில் சேர்த்ததை வைத்துத்தான் சில நாள்கள் ஓட்டும்.

நிறத்தை நம்புவது இன்னொரு தவறு. முகாவின் பொன்னிறம் இயற்கையானது, சாயமல்ல. 2007இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பொன்னிறத் துணியெல்லாம் முகா ஆகிவிடாது, டசர் என்ற இன்னொரு காட்டுப் பட்டிலும் எரியிலும் அந்த நிறத்தை ஏற்றலாம். எரிக் கூடே வெள்ளையிலும் செங்கல் நிறத்திலும் வரும். முகா விலை கூடியது. எரியின் விலைக்கே முகா தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பேரம் பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.