சவுக்குத் தோப்பில் பைன் காளானைத் தேடாதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதும் ராமநாதபுரம் கடலோரத்து அரியமான் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் காளான் தலைகாட்டும். கொடைக்கானல் பைன் மரத்தடியில் போலீட் காளான் (குடையின் அடியில் நுண்துளைகள் உள்ள வகை) பறிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அதையே தேடுவதுதான் முதல் தவறு. சவுக்கு பைன் அல்ல. தூரத்து உறவுகூட அல்ல. சவுக்கின் ‘ஊசி’ ஒன்றை இழுத்துப் பாருங்கள், கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையே அல்ல, பச்சைக் குச்சி. உண்மையான இலை, கணுவைச் சுற்றிப் பற்களைப் போல ஒட்டியிருக்கும் நுண்ணிய செதில். பைனிலோ ஊசியிலைகள் இரண்டு, மூன்று, ஐந்து என ஒரே உறையிலிருந்து கொத்தாகக் கிளம்பும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? பைனடியில் முளைக்கும் சுயில்லஸ் வகைப் போலீட்டுகள் பைன் குடும்ப மரங்களின் வேரோடு கூடியே வாழ்பவை. அந்த மரம் இல்லாத கடலோர மணலில் அவை முளைக்க வழியில்லை. சவுக்கடியில் உருண்டையாக, தடித்த தோலோடு இருப்பதை வெட்டிப் பாருங்கள். உள்ளே கருஊதாவாக இருந்தால் ஸ்கிளிரோடெர்மா என்னும் நச்சுக் காளானாக இருக்கலாம், தின்றால் வாந்திதான்.

மலைக்கே போய்த் தேடுகிறவர்கள் குடையை மேலாக மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். அடியைத் திருப்ப வேண்டும். மீன் செவுளைப் போல மடிப்புகள் இருந்தால் அது போலீட் அல்ல. போலீட்டின் அடியில் பஞ்சு போல நுண்துளைகள் இருக்கும். ஆனால் துளை இருந்தாலே நல்லது என்பதும் தவறு. துளைகள் சிவப்பாக இருந்தால், வெட்டியதும் நீலமாக மாறினால், விட்டுவிடுங்கள். நீலமாகும் சில வகைகள் உண்ணத்தக்கவைதான். புதியவருக்கு அந்தச் சோதனை வேண்டாம். சுயில்லஸின் வழவழப்பான மேல்தோலை உரிக்காமல் சமைத்தால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும்.

வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, ஆடு மேய்ந்திருக்கிறதா என்ற பரிசோதனைகள் எல்லாம் வெறும் நம்பிக்கை. கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்பதும் அப்படித்தான். அமனிட்டா வகைக் கொடிய காளான்களின் நஞ்சு கொதிநீருக்கு அசையாது. அதன் அறிகுறிகள் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே தொடங்கும். அப்போது மிச்சக் குழம்பையும் சமைக்காத காளான் ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாந்தி நின்று தெளிந்தது போலத் தோன்றினாலும் போயே ஆக வேண்டும். கல்லீரல் பாதிப்பு அதன் பிறகுதான் வெளிப்படும்.